குப்பிக்கு எங்கே கோடு போடுவது

எங்கள் குடும்ப வம்சாவளிப் படத்தில் நூற்றுப் பதினேழு பேருக்கு நான் கட்டம் போட்டிருக்கிறேன். இறந்தவர்களுக்குச் சாம்பல் நிறம், இருப்பவர்களுக்கு நீலம், கல்யாணம் செய்துகொண்டு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மஞ்சள். அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த தலைவலியைவிட அந்த ஒரு மனுஷி கொடுத்த தலைவலி அதிகம்.

நாங்கள் அவரைக் குப்பி என்போம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் குப்பி என்றால் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, உடன்பிறந்த பெண்; அத்தை. அவர் என் அத்தாவுக்கும் குப்பி, எனக்கும் குப்பி, என் அக்காவின் பிள்ளைகளுக்கும் குப்பி. ஒரே ஆள் எப்படி மூன்று தலைமுறைக்கு அத்தையாக இருக்க முடியும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டிடிபி கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, ஒகேனக்கல் போகிற வேன்களுக்கு ஸ்டிக்கர் என்று எல்லாம் செய்வேன். அந்த வருடம் என் பெரியத்தாவுக்கு, அதாவது அத்தாவின் அண்ணனுக்கு, ஓர் ஆசை வந்துவிட்டது. குடும்பம் மொத்தத்தையும் மண்டபத்தில் கூட்டி வைத்துச் சாப்பாடு போட வேண்டும். மேடைக்குப் பின்னால் இருபது அடி நீளத்துக்கு வம்சாவளி ஃபிளெக்ஸ் கட்ட வேண்டும்.

"நம்மூட்டுலயே கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள இருக்குது. வெளியில எதுக்குக் குடுக்கணும்?" என்றார். அவ்வளவுதான், வேலை என் தலையில் விழுந்தது.

அதே சமயத்தில் என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை என் மாமுவின் மகன் சாதிக். மாமு என்றால் அம்மாவின் அண்ணன். அவர் எங்கள் தெருவிலேயே செருப்புக் கடை வைத்து அங்கேயே குடியிருந்தார். சாதிக் தர்மபுரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே நாங்கள் பேசி முடித்துவிட்டோம் என்பதுதான் உண்மை. குடும்பச் சந்திப்பு முடிந்த அடுத்த மாதம் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது.

குப்பி மெத்தை தைப்பவர். பள்ளிவாசல் தெருவின் கடைசியில் ஓட்டு வீடு, அதில் முன்னறை முழுக்க இலவம்பஞ்சு. எப்போது போனாலும் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், ஊசியைத்தான் பார்ப்பார். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் இருந்தார்கள்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. அதைக் குணம் என்பதா, வியாதி என்பதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். தான் செய்த நல்லது எதையும் தன் வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, நான் செய்யவே இல்லை என்று சாதிப்பார்.

தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் நாற்பதாம் நாளுக்குள் வாசலில் ஒரு சின்ன மெத்தையும் உள்ளங்கை அளவு தலையணையும் வந்திருக்கும். யார் வைத்தது என்று ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊரில் மெத்தை தைப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னா தெரியும்? தருமபுரில வாங்கியிருப்பாங்க" என்பார். மூட்டுகிற நூலின் மிச்சம் அவர் கையிலேயே இருக்கும்.

ஒருமுறை ஒகேனக்கல்லில் இருந்து வந்த பேருந்தில் ஒரு பெண்ணுக்கு வலி வந்து, குப்பிதான் பேருந்தை ஓரங்கட்டச் சொல்லிப் பிரசவம் பார்த்தாராம். ஆறேழு வருடம் கழித்து அந்தப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பெட்டி நிறைய மைசூர்பாகோடு விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தாள். நான் அப்போது அங்கே தலையணை உறை வாங்கப் போயிருந்தேன். குப்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் இல்லம்மா. வேற யாரோ."

"நீங்கதாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. இந்த மூக்குத்திதான்."

"கெழவிங்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருப்போம். மேற்கால தெருவுல கேட்டுப் பாரு."

அவள் உண்மையாகவே மேற்குத் தெருவுக்குப் போய்த் தேடினாள். எனக்கு வந்த கோபத்தில் பின்னாலேயே ஓடிப்போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் குப்பி என்னோடு பேசவில்லை. இரண்டு வாரம் பேசவில்லை.

இன்னொரு தடவை ஒரு வலிமாவில், அதாவது நிக்காஹ் விருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என் மருமவ உயிரோட இருக்கறது இவங்களாலதான்" என்று ஆரம்பித்தார். குப்பி பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. எலும்பில் கறி பாதி இருந்தது. விருந்தாளி பட்டினியாகப் போனதற்கு அந்த வீட்டில் சண்டையே நடந்தது.

ஏன் இப்படி என்று நான் நேராகவே கேட்டிருக்கிறேன். "சொல்லிக்காட்டுனா போச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டினால் அதன் நன்மை அழிந்துவிடும் என்று எங்கள் மார்க்கத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லாரும் பெருமையடித்துக்கொள்ளாமல் இருப்பார்கள், அதோடு விடுவார்கள். இவர் ஒருவர்தான் அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்கிற அளவுக்குப் போனவர்.

சரி, கட்டத்துக்கு வருகிறேன். என் பாட்டனாரின் தகப்பனாரில் தொடங்கி, அவர் மனைவி, ஆறு பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஆறு பேரில் யாருக்கும் குப்பி மகள் இல்லை. ஆறு பேரோடு பிறந்தவரும் இல்லை. அத்தாவிடம் கேட்டேன்.

"குப்பிதான். அதுல என்ன சந்தேகம்?"

"யாருக்குப் பொறந்த குப்பி?"

"எங்க அத்தாவுக்குத் தங்கச்சிதான். தங்கச்சின்னுதான் கூப்புடுவாரு."

"அப்ப ஆறு பேருன்னு சொன்னீங்க, ஏழு ஆவுதே?"

"ஆறுதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பெரியத்தாவிடம் போனால் அவர் இன்னும் மோசம். "குப்பிய விட்டுட்டு ஃபிளெக்ஸ் அடிச்சீன்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்" என்றார். எங்கே போடுவது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

குப்பியிடமே போனேன். "குப்பி, நீங்க யாருக்கு மக, யாருக்குத் தங்கச்சி? ஒரு வரி சொன்னா போதும்."

"எழுதறவ நீ. எங்க எடம் காலியா இருக்குதோ அங்க போடு."

"அப்டியெல்லாம் போட முடியாதுங்க குப்பி. கோடு இழுக்கணும்."

"கோடு இல்லாம போடு."

எந்தக் கோடும் இல்லாமல் ஒரு கட்டத்தை அந்தரத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற நூற்றுப் பதினாறு பேரும் ஒருவரோடு ஒருவர் கோர்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் வழிதவறி வந்த மாதிரி மூலையில் நின்றது. அழித்துவிட்டேன். மறுபடி போட்டேன். ஒரு வாரம் இதே வேலை. கடைக்காரர் பத்திரிகை வேலை எல்லாம் தேங்கிக் கிடக்கிறது என்று திட்டினார்.

கடைசியில் ஜமாஅத்து அலுவலகத்தில் பழைய நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்க அத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். குப்பியின் கல்யாணம் அதில் இருந்தது. மணப்பெண்ணின் பெயர் இருந்தது. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தகப்பனார் பெயருக்கு நேராக எங்கள் குடும்பத்தில் எங்குமே இல்லாத ஒரு பெயர். ஊர் பொம்மிடி. பெண்ணின் சார்பில் வலியாக, அதாவது பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டிருந்தது அந்தத் தகப்பனாரின் மூத்த மகன். எங்கள் குடும்பத்து ஆண் ஒருவரும் அதில் வலியாக இல்லை. அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். "இதென்னா இப்படி இருக்குது?" என்றார். நாற்பது வருடமாகக் கேட்காமல் இருந்தது நானா, நீங்களா என்று கேட்க வாய்வரை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்மிடிக்குப் போனோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். குப்பியின் கூடப்பிறந்த அண்ணன் மகன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க குப்பிய பெத்துப்போட்டுட்டு எங்க தாதி, எங்க அத்தாவோட அம்மா, மவுத்தாயிட்டாங்க. புள்ளைக்குக் குடுக்கப் பால் இல்ல. ஒங்க ஊருல ஒரு அம்மா கைக்கொழந்தையோட இருக்காங்கன்னு கேள்விப்பட்டு மாட்டு வண்டில தூக்கிட்டு வந்து வுட்டாங்களாம். ரெண்டு வருசம் அந்தம்மாதான் ரெண்டு புள்ளைக்கும் பால் குடுத்தாங்க. அப்பறம் திருப்பிக் கூட்டிட்டு வரப் போனா இது வரமாட்டேன்னிருச்சு. அந்தம்மா சாவறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிக்காட்டலைங்க. பெத்த புள்ளைன்னே ஊரு நெனச்சுது."

அந்த அம்மா என் அத்தாவின் பாட்டியார். எங்கள் மார்க்கத்தில், ஒரு பெண் தன் பிள்ளை அல்லாத குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால் அந்தக் குழந்தையும் அவர் பெற்ற பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள். சொத்தில் பங்கு கிடையாது, ஆனால் கல்யாணத்துக்கு ஆகாது. அப்படியானால் குப்பி என் பாட்டனாரின் தங்கைதான், அத்தாவுக்குக் குப்பிதான். கணக்கு பொய்யில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஒரே குஷியாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

என் கெட்ட நேரம் அங்கேதான் தொடங்கியது. குப்பிக்குப் பச்சை நிறத்தில் புள்ளிக்கோடு ஒன்று இழுத்து, அடியில் 'பால் உறவு' என்று குறிப்பும் எழுதினேன். எழுத்துப்பிழை பார்க்க ஒரு மாதிரிப் பிரதியைக் காகிதத்தில் எடுத்து ஒட்டுப் போட்டுப் பெரியத்தா வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பச்சைக் கோட்டைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பால் குடிச்சதுக்கெல்லாம் கோடுன்னா குப்பி குடுத்ததுக்கும் போடணும்ல? எங்க வூட்டுப் பெரியவனுக்கு அவங்கதான் குடுத்தாங்க."

"எம் பொண்ணுக்கும் ஒரு மாசம் குடுத்தாங்க."

நான் பென்சிலோடு நின்று மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. சாதிக்கின் அம்மா, என் மாமி, சிரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு டைபாய்டு வந்தப்ப சாதிக்குக்கும் அவங்கதானே குடுத்தாங்க. அவங்க கடைசிப் பையனும் இவனும் ஒண்ணாதான் குடிச்சானுங்க. இவனையும் எழுதிக்க."

பதினொன்று என்று எழுதினேன். அப்போது பெரியத்தாவின் மருமகள், வாயை அடக்கத் தெரியாதவள், சாதாரணமாகக் கேட்டாள்: "ஆமா, நீ பொறந்தப்ப ஒங்கம்மா மஞ்சக்காமாலைல தருமபுரி ஆஸ்பத்திரில இருபது நாள் இருந்தாங்களே. நீ குப்பி வூட்டுலதானே இருந்தே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "புட்டிப் பால்தான் குடுத்தாங்க. பவுடர் டப்பா வாங்கிக் குடுத்துட்டுத்தான் போனோம்" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அவள்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நான் குப்பியின் பாலைக் குடித்திருந்தால் சாதிக் எனக்கு அண்ணன். அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் போனார்கள். அவர் பொறுமையான மனிதர். "நம்ம மத்ஹபுல, நாம பின்பத்தற சட்டப்படி, ரெண்டு வயசுக்குள்ள ஒரு வாய் குடிச்சிருந்தாலும் உறவுதான். ஆனா சாட்சி இல்லாம நான் ஆகாதுன்னு சொல்ல முடியாது. அந்தம்மாவையே கேளுங்க. அவங்க சொல்றதுதான்" என்றார்.

கேட்டார்கள். ஹஜ்ரத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "அம்மா, இந்தப் புள்ளைக்கு நீங்க பால் குடுத்தீங்களா?" என்றார்.

"குடுக்கல" என்றார் குப்பி.

அத்தனை பேர் முகத்திலும் ஒரு சலிப்பு. அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். ஹஜ்ரத்துக்குப் புரியவில்லை. "அப்பறமென்ன? தெளிவா சொல்லிட்டாங்களே" என்றார். மாமிதான் வாயைத் திறந்தார்.

"ஹஜ்ரத், சாதிக்குக்குக் குடுத்தீங்களான்னு கேளுங்க."

ஹஜ்ரத் கேட்டார். குப்பி, "குடுக்கல" என்றார்.

"என் கண்ணு முன்னால குடுத்தாங்க" என்றார் மாமி.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாழ்நாள் முழுக்கச் செய்ததையெல்லாம் இல்லை என்று சொல்லியே பழகிய ஒருவர், செய்யாத ஒன்றை இல்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். அவருடைய இல்லைக்கு எங்கள் தெருவில் மதிப்பே கிடையாது. ஹஜ்ரத், சந்தேகம் இருப்பதால் மட்டும் நிக்காஹ் கூடாமல் போகாது, ஆனால் மனதில் உறுத்தலோடு கட்டி வைக்காதீர்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார். மாமி தன் மகனுக்கு அப்படி ஒரு உறுத்தல் வேண்டாம் என்றார். அவர்மேல் தப்பில்லை. சாதிக் தொலைபேசியில், "நீ எதுக்குடி அந்தக் கோட்ட போட்டே?" என்று மட்டும் கேட்டான். அவன் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் குப்பி வீட்டுக்குப் போனேன். போகும்போதே கத்துவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் ஒரு மெத்தையின் ஓரத்தை மூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ உண்மைய சொல்லுங்க குப்பி. குடுத்தீங்களா இல்லையா?"

"குடுக்கலடி."

"சாதிக்குக்கு?"

ஊசி நின்றது.

"பாத்தீங்களா, அதுக்கு வாய் வரல. குடுத்தத இல்லைன்னு சொல்லிச் சொல்லி நீங்க நன்ம சேத்துக்கிட்டீங்க. நீங்க சேத்து வெச்ச நன்மையில எங்கல்யாணம் நின்னுபோச்சு. ஒங்களுக்கு யார் வாழ்க்கையப் பத்தியும் கவல இல்ல, ஒங்க சொர்க்கம்தான் முக்கியம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நீங்க எங்க வூட்டு ரத்தமே இல்ல. ஒங்களுக்குக் கட்டம் தேடப் போயித்தான் எனக்கு இந்த கதி."

குப்பி உதட்டில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டார். எனக்குப் பின்னால் நிழல் விழுந்தது. அம்மா வாசலில் நின்றிருந்தார். நான் போன வேகத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"அவங்கள திட்டாத" என்றார் அம்மா. "குடுக்கல. எனக்குத் தெரியும். நாந்தான் வேணாம்னேன்."

"நீ சும்மா இரு புள்ள" என்றார் குப்பி உடனே. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "காச்சல்ல பேசுனது எல்லாம் பேச்சா? ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சொல்லித்தான் ஆவணும்" என்று அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கார் நிக்குது. இவங்க ஒன்ன கைல வாங்குனாங்க. அப்ப நான் சொன்னேன், பவுடர் பால் மட்டும் குடுங்க, நீங்க குடுத்துராதீங்கன்னு. யாரு பெத்த புள்ளையோ, எந்த ஊரோ, இந்த வூட்டுப் பொறப்பு இல்லன்னு மாமியா வழியில யாரோ என் காதுல போட்டிருந்தாங்க. கண்டவ பால எம் புள்ள குடிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நெனச்சத இவங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."

"அத ஏம்மா அன்னைக்கே சொல்லல? ஹஜ்ரத் முன்னால சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடி சொல்லுவேன்? அந்தப் பாலத்தான் எங்கண்ணன் புள்ள குடிச்சு வளந்தான். அண்ணி பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஒங்க புள்ள குடிச்சது எம் புள்ளைக்கு ஆகாதுன்னு நெனச்சேன்னு சொல்லிட்டு, அதே வாயால ஒங்க புள்ளைய எம் பொண்ணுக்குக் குடுங்கன்னு கேக்கறதா?"

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா அதை மாமியிடம் சொன்னார். ஹஜ்ரத்தையும் வைத்துக்கொண்டு சொன்னார். மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "எம் புள்ள குடிச்சு நல்லாத்தான் இருக்கறான்" என்று மட்டும் சொன்னார். எங்கள் நிக்காஹ் நடந்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமி என்னைத் தங்கமாக வைத்துக்கொள்கிறார். ஆனால் அம்மாவிடம் பேசும்போது இன்றுவரை முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஃபிளெக்ஸில் குப்பியின் கட்டத்திலிருந்து பதினோரு பச்சைக் கோடுகள் கீழே இறங்கின. அவற்றில் ஒன்று சாதிக்குக்குப் போயிற்று. குப்பி மண்டபத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "யாரோ தப்பா எழுதியிருக்காங்க" என்றார். அடித்தது நான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவர் மவுத்தானபோதுகூட அந்தப் பதினொன்றில் ஒன்றையும் அவர் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

அவர் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான், அந்த மத்தியானத்தில். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மா அப்படிச் சொன்னது கேவலம். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சாதிக் எனக்கு இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? குப்பி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்து எதிரில் உட்கார வைத்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீ புட்டிய வாயில வாங்க மாட்டே. தட்டி வுட்டுட்டு மாருக்குத் தேடுவே. எனக்கு ஊறி ஊறி ரவிக்கையெல்லாம் நனஞ்சு போவும். ஒன்ன தொட்டில்ல போட்டுட்டு அடுப்படிக்குப் போயி பீச்சி ஊத்திட்டு, திரும்பி வந்து புட்டிய வெப்பேன். இருவது நாளும் அழுதே. எலும்பும் தோலுமாத்தான் ஒங்கம்மா கைல குடுத்தேன். பசிச்சு அழுத புள்ளைக்கு வெச்சுக்கிட்டு இல்லைன்னது அது ஒண்ணுதான். மன்னிச்சேன்னு சொல்லு."

எனக்கு வேண்டியிருந்த பதில் அதுதான். அது கிடைத்ததும் எழுந்து ஓடிப்போய் சாதிக்குக்குப் போன் செய்வேன் என்று நினைத்திருந்தேன். ஓட முடியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் அதே இடத்தில் நின்று நான் பேசியது எல்லாம் எனக்கே திரும்பக் கேட்டது. அவர் என் கையை விடாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சேன் குப்பி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார். அது அம்மா கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு, நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு இடம் கொடுக்காமல் அவர் முந்திக்கொண்டார்.